ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு, ஒரு சத்தத்தோடு

மெட்ராஸ் என்றால் மெரினாவும் மவுண்ட் ரோடும் என்று நினைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு அந்த நகரத்தின் வடக்குப் பக்கம் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. இந்த எழுபத்து நான்காம் ஆண்டு மாசி மாதம், ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகள் ஆக்னஸைத் தலைப்பிரசவத்துக்குத் திருச்சிக்கு அழைத்துவரப் போனேன். போனது ரயிலில், திரும்பியதும் ரயிலில். நடுவில் எட்டு மைலுக்குச் சற்று அதிகமாகக் கடலில் போனேன். எதை எழுத உட்கார்ந்தாலும் அந்த எட்டு மைல்தான் முன்னே வந்து நிற்கிறது.

எழும்பூரில் இறங்கியபோது நன்றாக விடிந்திருந்தது. ராயபுரத்துக்குச் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் மூன்று ரூபாய் கேட்டு இரண்டே காலுக்கு ஒப்புக்கொண்டார். வால்டாக்ஸ் ரோடு தாண்டி மின்ட் பக்கம் வரும்போதே காற்றின் வாசனை மாறிவிட்டது. கரித்தூள், கருவாடு, ஈயம் காய்ச்சுவதுபோல ஒரு காட்டம். கிடங்குச் சுவர்களும் சரக்கு ரயில்களும் மாறி மாறி வந்தன.

"யார் வூட்டுக்கும்மா?" என்றார் ரிக்‌ஷாக்காரர்.

மாதா கோயில் தெருவில், மோட்டார் படகு வைத்திருக்கும் ஸ்டீபன் வீடு என்றேன்.

"அட, பிளாஸ்டிக் கப்பல் ஸ்டீபனா! பக்கெட்டு செய்ற சாமான்ல போட்டு பண்ணிக்கீறாரே, அவரா? நீங்க இன்னா வேணும் அவருக்கு?"

"மாமியார்."

அவர் அதன்பின் மிதிப்பதில் மட்டும் கவனமாக இருந்தார். பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஸ்டீபன் என் மருமகன். திருவொற்றியூரில் அமிலத் தொட்டிகள் செய்யும் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். கண்ணாடி நார்த் துணியை விரித்து, அதன்மேல் ரெசின் என்ற பிசினைப் பூசி, காய்ந்ததும் இன்னொரு துணி, இன்னொரு பூச்சு என்று அடுக்கி அந்தத் தொட்டிகளைச் செய்வார்களாம். அந்த வேலையைக் கற்றுக்கொண்டு, இருபது அடியில் ஒரு படகைத் தானே செய்துவிட்டார். பின்னால் ஒரு பழைய பெட்ரோல் மோட்டார். ராயபுரத்தில் எல்லோரும் அதை 'பைபர் போட்டு' என்றார்கள். தினமும் காலையில் எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போய், அங்குள்ள குப்பங்களில் இறாலும் நண்டும் வாங்கி வருவார். கழிமுகத்துக்கு அக்கரையில் காட்டுப்பள்ளிக் குப்பத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஆக்னஸ் அங்கே டீச்சர். காலையில் கணவனுடன் படகில் போய், மதியம் அதிலேயே திரும்பிவிடுவாள்.

ஏழு மாத வயிற்றோடும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பஸ்ஸில் போகக்கூடாதா?" என்று கேட்டேன்.

"பஸ்ஸா? அம்மா, லாரி போய்ப் போய் எண்ணூர் ரோடு பூரா குழி. அதில போனா குழந்தை திருவொற்றியூர்லயே பிறந்துடும்" என்றாள்.

அதோடு, மறுநாள் ஒருநாள் மட்டும் பள்ளிக்கூடம் போய்ப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு வரவேண்டும் என்றாள். அப்படியானால் நானும் வருவேன் என்றேன். எனக்கு நீச்சல் தெரியாது. காவிரியில்கூடப் படித்துறையில் நின்று சொம்பால் ஊற்றிக்கொள்கிறவள். ஆனால் அவளை அனுப்பிவிட்டு அந்த வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

சாயங்காலம் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் படகைக் காட்டினார்கள். வெளிர் நீலம், வழவழவென்று, ஒரு மூட்டு, ஒரு ஆணி கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. பெருமையாகக் காட்டியவர் மருமகன் அல்ல, சம்பந்தி சவரிமுத்து. அவர் அறுபதைத் தாண்டியவர், கட்டுமரத்தில் வளர்ந்தவர்.

"சம்பந்தியம்மா, உள்ளார பாருங்க. அடியில எங்க மரம் கீது."

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். பழைய கட்டுமரம் கழிந்தால் அதன் நடுமரத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி வைத்து, புதிதாகச் செய்யும் மரத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள். இவருடைய அப்பா காலத்து மரத்துண்டு இவருடைய கட்டுமரத்தில் இருந்தது. மகன் பைபரில் படகு செய்தபோது, அந்தத் துண்டு உள்ளே போகாமல் படகு கடலில் இறங்காது என்று சொல்லிவிட்டார். ஆகவே முழங்கை நீளத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும் அந்தக் கட்டையைப் படகின் வயிற்றில் நீளவாக்கில் வைத்து, மேலே கண்ணாடித் துணியும் ரெசினும் போட்டு மூடி, பங்குச் சாமியாரை அழைத்து மந்திரிக்கச் செய்திருந்தார்கள்.

"வருசா வருசம் சுறா எண்ணெ பூசி வச்ச கட்டை. கல்லு கணக்கா கீது" என்று படகின் அடிப்பலகையைத் தட்டிக் காட்டினார். ஸ்டீபன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டோம். படகில் நான்கு பேர். ஸ்டீபன் மோட்டாரிடம். அவருக்கு முன்னால் சம்பந்தி. நடுப்பலகையில் ஆக்னஸும் நானும். காட்டுப்பள்ளியில் யாரையோ பார்க்க வேண்டும் என்று சம்பந்தியும் வந்தார். எனக்காகத்தான் வந்தார் என்று நினைக்கிறேன்.

காசிமேடு பின்னால் போகும்வரை மோட்டாரின் இரைச்சல்தான் கேட்டது. அப்புறம் என் காது அதற்குப் பழகிவிட்டது. மோட்டாருக்கு அடியில் வேறு சத்தங்கள் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. எங்கேயோ 'கிறுக்' என்றது. பின்னால் தகரம் அதிர்ந்தது. அலை ஏறி இறங்கும்போதெல்லாம் பாதத்துக்குக் கீழே 'டொக்' என்று ஒன்று.

"மாப்பிள்ளை, என்ன சத்தம் அது?"

"பைபர்னா பேசும் அத்தே. மரம் மாதிரி கம்முனு வராது. சும்மா குந்துங்க."

நான் சும்மா உட்காரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஆக்னஸின் கையைப் பிடித்தேன். அவள் என் பிடியைத் தாங்காமல், "அந்தத் தகரத்தையாவது நிறுத்துங்களேன், அம்மா என் கையை ஒடிச்சிடுவாங்க" என்றாள். ஸ்டீபன் சிரித்துக்கொண்டே பெட்ரோல் தகரத்துக்கு அடியில் ஒரு கோணிச் சாக்கை மடித்து வைத்தார். தகரம் அடங்கியது. நாங்கள் உட்கார்ந்திருந்த பலகையின் போல்ட்டை ஸ்பேனரால் முடுக்கினார். 'கிறுக்' நின்றது. மோட்டாரைத் தாங்கும் இரும்பையும் ஒரு சுற்று இறுக்கினார்.

"இப்ப சரியா அத்தே? மோட்டார்கார் கணக்கா போவுது பாருங்க."

அப்போது கேட்டது. டொக். மற்றவை எல்லாம் நின்றுவிட்டதால் அது தனியாக, தெளிவாகக் கேட்டது. யாரோ அடியிலிருந்து விரலை மடித்துக் கதவைத் தட்டுவதுபோல.

இடதுபக்கம் திருவொற்றியூர்க் கோபுரம் தெரிந்தது. கரையோரம் கருங்கல் கொட்டி வைத்திருந்தார்கள். கடல் வீடுகளைத் தின்கிறது என்று ஆக்னஸ் சொன்னாள். அதற்குப் பின்னால் ஆலைக் கூரைகள், எண்ணெய்த் தொட்டிகள், மணலி பக்கம் வானத்தில் ஒரு தீ நாக்கு. வடக்கே தூரத்தில் எண்ணூர் அனல் நிலையத்தின் புகைபோக்கிகள். இத்தனை மனிதர்கள், இத்தனை இரும்பு, எல்லாம் கூப்பிடு தூரத்தில். ஆனாலும் எனக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு விரல் கனமில்லாத ஒரு ஓடு.

"என்னை இங்கேயே இறக்கிவிடுங்கள். என் மகளையும்" என்றேன்.

"இங்க எறங்க முடியாது அத்தே. எல்லாம் கல்லு. அதுக்கும் வடக்கே அலை ஒடைக்கும். முகத்துவாரத்தில பூந்தாதான் ஒயுங்கா எறங்கலாம்."

"அப்படியானால் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றாவது சொல்லுங்கள்."

ஸ்டீபன் அப்பாவைப் பார்த்தார். அப்பா மகனைப் பார்க்கவில்லை. செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா கட்டையிலேருந்துதான் வருதும்மா" என்றாள் ஆக்னஸ். "ஒரு வாரமா வருது. சொல்லக் கூடாதுன்னு எல்லாரும் சும்மா இருக்கோம்."

ஒரு வாரமாக! நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி சொன்னார்: "அது சத்தம் இல்ல கண்ணு. நானும் கூட வர்றேன்னு சொல்லுது. எங்கப்பன் காலத்துலயும் புயலுக்கு முன்னால மரம் மொனகும். நாங்க பயந்ததே இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த முகத்தில் துளி பயமில்லை. அதுதான் என்னை அதிகமாகக் கலக்கியது. பயப்பட வேண்டியவர் பயப்படாமல் உட்கார்ந்திருந்தார், நீச்சல் தெரியாத நான் மட்டும் ஒவ்வொரு தட்டையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கத்திவாக்கம் தாண்டியதும் அலைகள் பெரிதாயின. படகின் மூக்கு தூக்கித் தூக்கி விழுந்தது. டொக், டொக் என்று வந்தது, மெல்ல மெல்ல மாறி, ஈரத் துணியில் அடிப்பதுபோல மொத்தென்று ஆகிவிட்டது. சத்தம் குறைந்தது என்று ஒரு நொடி ஆறுதலடைந்தேன். ஆக்னஸ் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"என் கால் நனையுது" என்றாள்.

ஸ்டீபன் மோட்டாரைத் தணித்து அப்பாவிடம் பிடியைக் கொடுத்துவிட்டு வந்தார். நாங்கள் காலைத் தூக்கிக்கொண்டோம். அடிப்பலகையைக் கழற்றினார். கட்டையை மூடியிருந்த ரெசின் பூச்சு முன்பக்கம் பெயர்ந்து, மரம் அங்கே விடுபட்டிருந்தது. பின்பக்கம் மட்டும் ஒட்டியிருந்தது. படகு ஏறும்போது முனை மேலே எழும்பியது, இறங்கும்போது சுத்தியல்போலப் படகின் ஓட்டில் விழுந்தது. விழுந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் வெளுத்து, நட்சத்திரம்போலக் கீறல்கள் ஓடியிருந்தன. அவற்றிலிருந்து தண்ணீர் வேர்வைபோலக் கசிந்துகொண்டிருந்தது.

முன்னால் முகத்துவாரம். மணல் திட்டின்மேல் அலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவில் ஒரு குறுகிய வழி. அதில் புகுந்தால் படகு எத்தனை தடவை தூக்கிப் போடப்படும் என்று எனக்கே தெரிந்தது.

நான் கட்டையைக் காலால் அழுத்தப் போனேன். "வேணாம் அத்தே! அமுக்கினா ஓடு பூரா பிச்சிக்கும். அத எடுத்தே ஆவணும்" என்றார் ஸ்டீபன். கத்தியைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார். "நைனா..."

கிழவர் மோட்டார்ப் பிடியை இறுக்கிக்கொண்டார்.

"நைனா, எண்ணெ மேல ரெசின் புடிக்காது. எனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சா இன்னாத்துக்குடா சொல்லல?"

"நீ குடுத்த கட்டைய நான் வேணாம்னு எப்டி சொல்றது?"

என் மகளை, அவள் வயிற்றுப் பிள்ளையை, இவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் காட்டிய மரியாதையின் மேல் தினமும் உட்காரவைத்துக் கூட்டிப்போயிருக்கிறார்கள். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவும் செய்தேன் என்று ஆக்னஸ் பிற்பாடு சொன்னாள். "அவ வயித்தில இருக்கறது உங்க பேரன்! உங்களுக்குக் கட்டை வேணுமா, அது வேணுமா?" என்று கேட்டேனாம். எனக்கு நினைவில்லை.

சம்பந்தி மோட்டாரை மகனிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார். "ஒனக்குக் கை வராது, குடு" என்று கத்தியை வாங்கினார். மண்டியிட்டு, மேலே மூடியிருந்த கண்ணாடித் துணியை ஓரமாகக் கீறினார். கட்டை நெம்ப வேண்டிய அவசியமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. அவர் தன் விரல்களை முகர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்து எண்ணெய். "ஆமா" என்றார் தனக்குள். கட்டையைக் கடலில் போடுவார் என்று நினைத்தேன். மடியில் வைத்துக்கொண்டார்.

மோட்டாருக்கான கிரீஸ் டப்பாவை ஸ்டீபன் எறிந்தார். சம்பந்தி தன் தலைத்துண்டை மடித்து, அதில் கிரீஸை அப்பி, கீறல்மேல் வைத்தார். "சம்பந்தியம்மா, உள்ளங்கையால ஒத்தாப்புல புடிங்க. அமுக்க வேணாம். துணி நவுராம பாத்தா போதும். கண்ணு, நீ தண்ணிய மொண்டு ஊத்து." ஆக்னஸ் தன் சாப்பாட்டுத் தூக்கைக் காலி செய்து தண்ணீர் இறைக்க ஆரம்பித்தாள். காலையில் நான் கட்டிக்கொடுத்த எலுமிச்சம்பழச் சாதம் கடலுக்குப் போனது.

அப்படித்தான் முகத்துவாரத்துக்குள் போனோம். நான் குனிந்திருந்ததால் அலைகளைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் பெரிதாக இருந்தன என்கிறார்கள். நான் அவற்றை உள்ளங்கையில் வாங்கினேன். துணிக்குக் கீழே ஓடு, ஓட்டுக்குக் கீழே கடல். ஒவ்வொரு அலையும் வந்து அந்த ஓட்டை உள்பக்கமாகத் தள்ளியது. என் கைக்குள் ஏதோ ஒன்று மூச்சு விடுவதுபோல அது உள்வாங்கியது, வெளிவாங்கியது. இப்போது ஒரு சத்தமும் இல்லை. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கி அடுத்த வார்த்தை வரவில்லை. ஆயிரம் தடவை சொன்ன செபம். திரும்பத் திரும்ப அந்த மூன்று வார்த்தையே வந்தது. ஆக்னஸின் மூச்சு என் தலைக்கு மேல் கேட்டது, தூக்கு தரையில் உரசுவது கேட்டது. கை நகர்ந்தால் அவள் போய்விடுவாள் என்பது தவிர வேறு நினைப்பே இல்லை.

திடீரென்று கைக்குக் கீழே அமைதி. "வந்தாச்சு அத்தே. கைய எடுங்க" என்றார் ஸ்டீபன். எடுக்க வரவில்லை. ஆக்னஸ்தான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

கழிமுகம் சாம்பல் நிறத்தில் குளம்போலக் கிடந்தது. அனல் நிலையத்துச் சாம்பல் இரண்டு கரையிலும் படிந்திருந்தது. கொக்குகள் அதில் நின்றிருந்தன. காட்டுப்பள்ளிக் கரையில் பிள்ளைகள் "டீச்சர், டீச்சர்" என்று ஓடிவந்தார்கள். ஒரு பெண் என் கிரீஸ் கையைப் பார்த்து, "இன்னா ஆயா, இன்ஜின் ரிப்பேரா?" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நனைந்த புடவையோடு ஆக்னஸ் பாடம் நடத்தினாள். ஓலைக் கூரையின் கீழ் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னார்கள். சம்பந்தி தனியாக மணலில் கட்டையை வெயிலில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஸ்டீபன் படகைக் கரையேற்றிக் கவிழ்த்துவிட்டு, கீறலின் பக்கத்தில் குந்தியிருந்தார். மதியம் ஸ்டீபன் எழுந்துபோய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு பீடி நீட்டினார், சம்பந்தி வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது, படகோடு ஸ்டீபனை விட்டுவிட்டு, நாங்கள் மூவரும் தோணியில் கழிமுகத்தைக் கடந்து எண்ணூரில் பஸ் ஏறினோம். ராயபுரம்வரை ஆளுக்கு நாற்பது பைசா. சன்னல் சட்டங்கள், இருக்கைகள், கூரைத் தகரம், எல்லாம் ஒரே சமயத்தில் அலறின. இத்தனை சத்தத்தில் எனக்குத் துளியும் பயமில்லை.

கண்டக்டர் சம்பந்தியின் மடியைப் பார்த்தார். "பெருசு, கட்டைக்கு லக்கேஜ் போடணும்."

"போடு நைனா. ஆனா அதுக்கு வயசு என்னைவிட ஜாஸ்தி. நின்னுகினு வர சொல்லாத."

பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் கையைக் கட்டையிலிருந்து எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து எழும்பூரில் வழியனுப்ப வந்தார்கள். ரயில் புறப்படும் நேரத்தில் சம்பந்தி காகிதத்தில் சுற்றிய ஒன்றை ஆக்னஸிடம் கொடுத்தார். அந்தக் கட்டையிலிருந்து அறுத்து இழைத்த ஒரு சாண் துண்டு. தூளிச் சேலையை விரித்துப் பிடிக்க நடுவில் செருகுவோமே, அந்தத் தொட்டில் கட்டை. இரண்டு நுனியிலும் சேலைக்காகக் காடி வெட்டியிருந்தார்.

"எண்ணெ எல்லாம் சீவிட்டேன் சம்பந்தியம்மா" என்றார் என்னிடம். என் கண்ணை அவர் பார்க்கவில்லை.

நான் ஸ்டீபனிடம் கேட்டேன்: "படகு எப்படி இருக்கிறது மாப்பிள்ளை?"

"உள்ளார அஞ்சு பூச்சு போட்டுட்டேன் அத்தே. நேத்து எண்ணூர் வரைக்கும் போய்ட்டு வந்தேன். சுத்தமா சத்தமே இல்ல."

சந்தோஷமாகச் சொன்னார். குழந்தை பிறந்தபின் ஆக்னஸ் அந்தப் படகில்தான் போவாள்; அதை நான் தடுக்க முடியாது என்று அவளே சொல்லிவிட்டாள். கைக்குழந்தையோடு போவாள். அப்போது அது ஒரு சத்தமும் போடாமல் போகும். போட்டாலும் இருநூறு மைலுக்கு இப்பால் எனக்குக் கேட்காது.

திருச்சி வந்து இன்றோடு இரண்டு வாரம். இங்கே இரவுகள் அசையாமல் நிற்கின்றன. வீடு ஒரு தடவைகூடத் தூக்கிப் போடுவதில்லை. ஆனாலும் அலமாரிக் கதவு தட்டினால் காலைத் தூக்கிக்கொள்கிறேன். நேற்றுச் சாயங்காலம் ஆக்னஸ் உத்தரத்திலிருந்து தூளி கட்டினாள், பழைய சேலையில், அந்தக் கட்டையைச் செருகி. பிரசவத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, இப்போது எதற்கு என்று கேட்டேன். சும்மா பார்க்கலாமே என்றாள். லேசாக ஆட்டிவிட்டு, அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள்.

கட்டை சேலையில் உரசி 'கிறுக்' என்றது. இரண்டு ஆட்டம் ஆடி மெல்ல நின்றது. சத்தமும் நின்றது. அதற்குள் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கிட்டே போய், குனிந்து, சேலையின் அடியில் உள்ளங்கையை ஒத்தாற்போல வைத்தேன். ஆக்னஸ் திரும்பி வந்து கூப்பிடும்வரை எடுக்கவில்லை.